'தி ஃபேர்வெல்': பாட்டிக்குத் தெரியாமல் ஒரு பிரியாவிடை

வடகிழக்குச் சீனாவில், ஜிலின் மாகாணத்தின் தலைநகர் சாங்சுன். 2013இல் அங்கே வாழ்ந்த ஒரு மூதாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்று பரிசோதனையில் தெரிந்தது. மருத்துவமனை அதை அவரிடம் சொல்லவில்லை, அவருடைய தங்கையிடம் சொன்னது. இன்னும் சில மாதங்கள்தான் என்றார்கள். தங்கை வெளியே வந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். வெளிநாடுகளில் இருந்த குடும்பத்தினருக்கு உண்மை போய்ச் சேர்ந்தது. எல்லோரும் கடைசியாக ஒருமுறை வந்து பார்க்க வேண்டும், ஆனால் ஏன் வந்தார்கள் என்பது பாட்டிக்குத் தெரியக்கூடாது. அதற்காக ஒரு பேரனின் கல்யாணத்தை அவசரமாக ஏற்பாடு செய்தார்கள்.

அந்தக் குடும்பத்துப் பேத்தி லூலூ வாங் ஒரு திரைப்பட இயக்குநர். பெய்ஜிங்கில் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவின் மயாமி நகருக்குப் போனவர். இந்தக் கதையை 'தி ஃபேர்வெல்' என்ற படமாக்க அவர் தயாரிப்பாளர்களைத் தேடியபோது அமெரிக்கத் தரப்பு ஒரு மாதிரி மாற்றச் சொன்னது, சீனத் தரப்பு இன்னொரு மாதிரி மாற்றச் சொன்னது. அப்புறம் 2016இல் 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்ற வானொலி நிகழ்ச்சியில் கதையை உள்ளபடியே சொன்னார். அதைக் கேட்ட தயாரிப்பாளர் கிறிஸ் வைட்ஸ் தேடி வந்தார். 2018இல் சாங்சுனிலேயே படப்பிடிப்பு நடந்தது. 2019 ஜனவரியில் சண்டான்ஸ் விழாவில் முதல் திரையிடல், அந்த ஜூலையில் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியீடு. பில்லி என்ற பேத்தியாக நடித்த அக்வஃபீனாவுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. பாட்டியாக வாழ்ந்துகாட்டிய ஜாவ் ஷூஜெனுக்கு இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருது கிடைத்தது, படமும் அதே மேடையில் சிறந்த படமாகத் தேர்வானது.

விருதுகளை விட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் படம் ஒரு குடும்பத்தின் முடிவை எவ்வளவு நேர்மையாகத் திறந்து காட்டுகிறது என்பதுதான். நோயாளியிடம் உண்மையை மறைப்பது சரியா தவறா என்று கேட்டுவிட்டு, படம் பார்ப்பவர்கள் வழக்கமாக இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இந்த நிகழ்வை ஆய்வாக எடுத்துப் பார்த்தால் வேறொரு கேள்வி மேலே வருகிறது. மறைப்பதால் நோயாளிக்கு வரும் லாப நட்டத்தை எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். மறைப்பவர்களின் கணக்கை, குறிப்பாகத் தொலைவிலிருந்து வீடு திரும்புகிற பிள்ளையின் கணக்கை, யார் பார்க்கிறார்கள்?

முடிவை எடுத்தவர்

முடிவெடுத்தவர் மகன் இல்லை. மருத்துவரும் இல்லை. படத்தில் 'சின்னப் பாட்டி' என்று அழைக்கப்படும் தங்கைதான். மகன்களில் மூத்தவர் ஜப்பானுக்கும் இளையவர் அமெரிக்காவுக்கும் போய்க் கால் நூற்றாண்டு ஆகிறது. இத்தனை காலமும் அக்காவின் பக்கத்தில் இருந்தது தங்கை. பரிசோதனைக்கு அழைத்துப் போனவரும் அவரே, அறிக்கையை வாங்கியவரும் அவரே. கூடவே இருப்பவருக்குத்தான் சொல்வதா வேண்டாமா என்ற சுமையும் வந்து சேர்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற எந்தக் குடும்பத்திலும் இது இப்படித்தான் நடக்கும்.

அந்தச் சின்னப் பாட்டியாக நடித்திருப்பவர் லூ ஹோங். அவர் தொழில்முறை நடிகை இல்லை, இயக்குநரின் நிஜமான சின்னப் பாட்டி. அக்காவிடம் உண்மையை மறைத்தவரே, மறைக்கிற அந்தக் காட்சியில் கேமரா முன்னால் நின்று திரும்பவும் மறைக்கிறார். அப்போது நிஜமான பாட்டி உயிரோடு, அதே ஊரில் இருந்தார். படப்பிடிப்பைப் பார்க்கவும் வந்தார். என்ன படம் எடுக்கிறார்கள் என்பதை அவரிடம் முழுதாகச் சொல்லாமல் சமாளித்தார்கள். அதாவது கதையில் வருகிற மறைப்பு, கதையைப் படமாக்கும்போதும் முடிந்திருக்கவில்லை. படத்தில் எந்த இடத்திலும் சின்னப் பாட்டியை வில்லியாகக் காட்டாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் முகத்தில் தெரிகிற களைப்பை எழுதி வரவழைத்திருக்க முடியாது.

பொய் எங்கே தொடங்குகிறது

படம் ஒரு தொலைபேசி உரையாடலில் ஆரம்பிக்கிறது. பாட்டி சாங்சுனில், ஸ்கேன் எடுக்க வந்த மருத்துவமனையில் இருக்கிறார். பேத்தி நியூயார்க் தெருவில் நடந்துகொண்டிருக்கிறாள். எங்கே இருக்கிறீர்கள் என்று பேத்தி கேட்டால், தங்கை வீட்டில் என்கிறார் பாட்டி. குளிருக்குத் தொப்பி போட்டிருக்கிறாயா என்று பாட்டி கேட்டால், போட்டிருக்கிறேன் என்கிறாள் பேத்தி. தலையில் தொப்பி இல்லை. இரண்டு நிமிடப் பேச்சில் இரண்டு பேரும் மாறி மாறிப் பொய் சொல்கிறார்கள், இரண்டுமே பிரியத்தால் வந்த பொய்கள். பின்னால் வரப்போகிற பெரிய பொய்க்கு இந்தக் குடும்பம் எப்படிப் பழகியிருக்கிறது என்பதை விளக்க வேறு வசனமே தேவைப்படவில்லை.

இன்னொரு தகவல் நடுவில் வருகிறது. தாத்தாவுக்குப் புற்றுநோய் வந்தபோது அவரிடம் கடைசிவரை மறைத்தவர் இதே பாட்டிதான். இது குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். அவரே செய்ததைத்தானே நாமும் செய்கிறோம், கேட்டிருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவர் தன் கணவருக்குச் செய்தது, தனக்கும் அதையே செய்யுங்கள் என்று கொடுத்த சம்மதம் ஆகிவிடாது. இந்த இடைவெளியைப் படம் நிரப்பவில்லை. நிரப்பாமல் விட்டதுதான் சரி.

மருத்துவமனைக் காட்சி ஒன்றில் பில்லி இளம் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கேட்கிறாள். பாட்டி பக்கத்திலேயே படுத்திருக்கிறார், அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நிலைமை மோசம்தான் என்று மருத்துவர் சொல்கிறார். சொல்லாமலிருப்பது தவறில்லையா என்று கேட்டால், நல்லதுக்காகச் சொல்கிற பொய்தானே, இங்கே பெரும்பாலான குடும்பங்கள் இப்படித்தான் செய்கின்றன என்கிறார். இது நடந்துகொண்டிருக்கும்போது பாட்டியின் கவலையெல்லாம் இந்த மருத்துவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பேத்திக்குப் பொருத்தமாக இருப்பாரா என்பதில். திரையரங்கில் சிரிப்பு எழுகிற இடம். ஒரு மனுஷியின் உயிரைப் பற்றிய பேச்சு அவர் தலைமாட்டிலேயே, அவருக்குப் புரியாத மொழியில் நடக்கிறது என்பதையும் அதே இடம்தான் காட்டுகிறது.

அந்த மருத்துவர் செய்தது அவர் நாட்டுச் சட்டத்துக்கு விரோதமும் இல்லை. சீனாவில் 2010இல் நடைமுறைக்கு வந்த உரிமை மீறல் பொறுப்புச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, நோயாளியிடம் விளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நோயாளியிடம் சொல்வது உகந்ததாக இல்லாத நிலையில் நெருங்கிய உறவினரிடம் விளக்கி எழுத்து வழியாகச் சம்மதம் பெறலாம் என்று வழிவிட்டது. 2021இல் வந்த குடிமைச் சட்டத் தொகுப்பிலும் அந்த வழி அடைக்கப்படவில்லை. உகந்ததா இல்லையா என்று முடிவு செய்வது யார்? நடைமுறையில் குடும்பம்தான்.

வீடு திரும்பியவள்

பில்லியை வரவேண்டாம் என்கிறார்கள் பெற்றோர். மனதில் இருப்பது அப்படியே முகத்தில் தெரிந்துவிடும், காட்டிக்கொடுத்துவிடுவாள் என்ற பயம். கையில் காசில்லாத நிலையிலும் அவள் விமானச்சீட்டு வாங்கிப் போய் நிற்கிறாள். கதவு திறந்ததும் பாட்டி பூரிக்கிறார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் முகங்களில் கலவரம்.

ஏன் போனாள் என்பதற்கு விடை வெகுநேரம் கழித்து வருகிறது. படத்தின் இதயம் என்று நான் நினைப்பது இந்த இடத்தைத்தான். அம்மாவிடம் பில்லி உடைந்து பேசுகிறாள். சின்ன வயதில் அவளை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார்கள். தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்பதை அவளுக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது தாத்தா இல்லை, பழைய வீடு இல்லை, கோடைகளைக் கழித்த இடம் இல்லை. நன்மைக்குத்தான் எல்லாம் என்று அன்றைக்கு அவளிடம் சொன்ன பெரியவர்களின் கண்களில் அவள் பார்த்தது பயத்தை மட்டும்.

ஆக, இந்தக் குடும்பத்தில் ஒரே வழக்கம் இரண்டு முறை கையாளப்பட்டிருக்கிறது. முதல்முறை தாத்தாவிடமும் குழந்தையிடமும் ஒரே நேரத்தில் மறைத்தார்கள். தாத்தாவுக்கு அதனால் நிம்மதி கிடைத்திருக்கலாம். விலை கொடுத்தது குழந்தை. அவள் முப்பது வயதில் ஊர் திரும்புவது பாட்டிக்காக மட்டுமில்லை, தாத்தாவுக்கும் அந்த வீட்டுக்கும் சொல்லாமல் போன விடையையும் சேர்த்துச் சொல்லத்தான். இங்கே வந்தால் மறுபடியும் வாயைக் கட்டிவிடுகிறார்கள். வந்திருப்பது பிரியாவிடைக்கு, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அனுமதி இல்லை.

பெரியப்பா ஹைபின் அவளுக்கு எடுத்துச் சொல்கிறார். மேற்கில் ஒருவருடைய உயிர் அவருக்கு மட்டும் சொந்தம், கிழக்கில் அது குடும்பம் என்கிற முழுமையின் ஒரு பகுதி. நோயாளி சுமக்க வேண்டிய பாரத்தை நாம் சுமக்கிறோம், அது நம் கடமை என்பது அவர் வாதம். அழகான வாதம்தான், பலர் இந்தப் படத்திலிருந்து எடுத்துச் செல்வதும் இதையே. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கிழக்கு மேற்கு என்று பிரிக்கிற கோடு அவர் சொல்கிற அளவுக்குப் பழையதில்லை. 1961இல் சிகாகோவில் மருத்துவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில் சுமார் 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமலிருக்கவே விரும்பினார்கள். 1979இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் அதே கேள்விகளைக் கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்லிவிடுவோம் என்றார்கள். பதினெட்டே ஆண்டுகள். அந்த இடைவெளியில் அமெரிக்கர்களின் ஆன்மா மாறிவிடவில்லை. சிகிச்சைகள் கூடின, நோயாளி உரிமைகள் பற்றிய பேச்சு வந்தது, நீதிமன்றங்கள் தலையிட்டன. பெரியப்பா வாழ்கிற ஜப்பானில் 1989 ஜனவரியில் பேரரசர் ஹிரோஹிதோ குடல் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு இருந்தது புற்றுநோய் என்பது அவர் இறந்த பிறகுதான் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஜப்பானில் இன்று நோயாளியிடம் நேரடியாகச் சொல்வது பரவலாகிவிட்டது. பண்பாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பகுதி, மருத்துவம் அந்தந்தக் காலத்தில் எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது.

சாகாதவருக்கு அழுவது

முன்கூட்டிய துயரம் என்ற கருத்தை 1944இல் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் எழுதினார். பாஸ்டனில் 1942இல் நடந்த இரவு விடுதித் தீ விபத்தில் உறவினரை இழந்தவர்களைக் கவனித்து எழுதிய கட்டுரை அது. அதில் ஒரு சிப்பாயின் கதை வருகிறது. அவர் போரில் இறந்துவிடுவாரோ என்ற பயத்திலேயே மனைவி முழுவதுமாகத் துக்கப்பட்டு முடித்துவிட்டார். சிப்பாய் உயிரோடு திரும்பினார், மனைவிக்கு அவர்மேல் இருந்த பிடிப்பு போய்விட்டிருந்தது. மரணத்துக்கு முன்பே அழுது தீர்ப்பதில் இப்படி ஓர் ஆபத்து உண்டு.

'தி ஃபேர்வெல்' குடும்பம் அந்த ஆபத்தின் விளிம்பில்தான் நிற்கிறது. கல்யாண மண்டபத்தில் பெரியப்பா மேடையேறி அம்மாவுக்கு நன்றி சொல்லப்போய் உடைந்து அழுகிறார். மாப்பிள்ளை ஹாவ் ஹாவ் விருந்து மேசையில் அழுகிறான். அவனும் ஜப்பானியப் பெண் ஐகோவும் பழகியே மூன்று மாதம்தான் ஆகிறது. பார்ப்பவர்களுக்குக் கல்யாணத்து ஆனந்தக் கண்ணீர். அந்தப் பாவம் ஐகோ! ஒரு வார்த்தை சீனம் புரியாமல், வேறொருவரின் சாவு வீட்டில் மணமகளாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

அதே சமயம், அந்த விருந்து வெறும் நாடகமும் இல்லை. பாட்டியின் பழைய ராணுவத் தோழர்கள் வந்திருக்கிறார்கள். ஆட்டமும் பாட்டும் நடக்கின்றன. ஒரு மேசையைச் சுற்றி முழுக் குடும்பத்தையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்து எடுக்கிறார் ஒளிப்பதிவாளர் ஆனா ஃபிராங்கெஸா சொலானோ. யார் அழுகிறார், யார் அழுகையை விழுங்குகிறார் என்பதை நாமே தேடிப் பார்க்க வேண்டும். சாகப்போகிறவரைச் சுற்றி நின்று அழுவதற்குப் பதிலாக அவருக்குச் சோறு ஊட்டி, பாட்டுப் பாடி, கேலி செய்து முடிக்கிறார்கள். இந்த இடத்தில் குடும்பத்தின் முடிவுக்கு நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் பட்டது. உண்மை தெரிந்திருந்தால் அந்த நாள் அவருக்கு அப்படிக் கிடைத்திருக்காது.

சங்கடப்படுத்துவது இன்னொரு காட்சி. கல்யாணத்தையொட்டி, புதிய பரிசோதனை அறிக்கையை வாங்கிவர வீட்டு வேலைக்காரரைப் பாட்டி அனுப்பிவிடுகிறார். செய்தி தெரிந்ததும் பில்லி தெருக்களில் மூச்சிரைக்க ஓடுகிறாள். அறிக்கை அப்புறம் ஒரு பிரிண்ட் கடைக்குப் போகிறது, வரிகள் மாற்றப்படுகின்றன. பாட்டி கையில் வந்து சேர்வதில் நுரையீரலில் தெரிவது ஆபத்தில்லாத நிழல்கள் என்று இருக்கிறது. வாயால் சொல்லாமல் விடுவது வேறு, நோயாளியின் ஆவணத்தையே திருத்துவது வேறு. மறைக்கக்கூடாது என்று வாதாடிய பில்லியே இதற்காக ஓடுகிறாள் என்பது வலிக்கிறது. பொய்யை ஏற்றுக்கொண்டு விட்டாள் என்று இதைப் படிக்கத் தேவையில்லை. இந்த நேரத்தில், இந்த விதமாகப் பாட்டிக்குத் தெரியவருவதை அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆறு ஆண்டுகள் எதை நிரூபிக்கின்றன?

படம் முடியும்போது திரையில் ஒரு வரி தோன்றுகிறது. நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னும் நிஜமான பாட்டி உயிரோடு இருக்கிறார். கூடவே அந்த நிஜப் பாட்டி உடற்பயிற்சி செய்கிற காட்சித் துண்டு. திரையரங்கில் கைதட்டல் வரும், வரவேண்டியதுதான். ஆனால் இந்த ஒரு வரிதான் படத்திலேயே அதிகமாகத் தப்பாகப் படிக்கப்படுகிறது என்பது என் கருத்து. சொல்லாததால்தான் பிழைத்தார், சொல்லியிருந்தால் பயத்திலேயே போயிருப்பார் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். புற்றுநோய் கொல்வதில்லை, பயம்தான் கொல்கிறது என்று படத்தில் பில்லியின் அம்மாவும் சொல்கிறார்.

ஒரே ஒரு நோயாளியை வைத்து அப்படி முடிவுக்கு வர முடியாது. மருத்துவர்கள் சொல்கிற மாதக் கணக்கே பெரும்பாலும் தவறுகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாழ்நாள் இறுதிப் பராமரிப்பில் சேர்ந்த 468 நோயாளிகள் பற்றி மருத்துவர்கள் சொன்ன கணிப்பில் 20 விழுக்காடுதான் ஏறக்குறையச் சரியாக இருந்தது. 63 விழுக்காடு நிஜத்தை விட நீண்ட நாட்களைச் சொன்னது, 17 விழுக்காடு குறைத்துச் சொன்னது. நை நை (பாட்டியைக் குடும்பம் சீனத்தில் அழைப்பது இப்படித்தான்) அந்தச் சிறு பகுதியைச் சேர்ந்தவராக இருக்கலாம். பேசுவது ஆயுளைக் குறைக்கும் என்ற பயத்துக்கும் எதிர்ச்சான்று உண்டு. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரை வைத்து பாஸ்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே வலி தணிப்புப் பராமரிப்புக் குழுவைச் சந்தித்தவர்கள் சராசரியாக 11.6 மாதங்களும் மற்றவர்கள் 8.9 மாதங்களும் வாழ்ந்தார்கள். அந்தச் சந்திப்புகளில் நோயைப் பற்றிய வெளிப்படையான பேச்சும் ஒரு பகுதி. பேச்சுதான் ஆயுளைக் கூட்டியது என்று சொல்ல மாட்டேன். குறைக்கவில்லை என்று சொல்லலாம்.

நம் ஊர் மருத்துவமனைகளிலும் இதே காட்சி அன்றாடம் நடக்கிறது. அறிக்கையோடு உள்ளே வருகிற மகன், "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் டாக்டர், தாங்க மாட்டாங்க" என்பார். வீட்டில் அது வெறும் கட்டி ஆகிவிடும், மருந்தில் கரைந்துவிடும் என்று சொல்லப்படும். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளும், நோயாளிக்கோ உறவினருக்கோ பொறுப்பான நண்பர்களுக்கோ நிலைமை தெரிந்திருப்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும் என்றே எழுதப்பட்டிருந்தன. சீனச் சட்டம் திறந்துவைத்த அதே கதவு. சிகிச்சைக்கான சம்மதம் என்று வந்தால் மட்டும் கதை வேறு. 2008இல் உச்ச நீதிமன்றம், வயதுவந்த பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய அம்மாவிடம் வாங்கிய சம்மதம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நோயைப் பற்றிய செய்தி குடும்பத்துக்குப் போகலாம், உடம்பைப் பற்றிய முடிவு நோயாளிக்கே உரியது. இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்தால், செய்தி தெரியாதவர் எதை வைத்து முடிவெடுப்பார் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

சொல்வது, மறைப்பது என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கெட்ட செய்தியைச் சொல்வதற்காக 2000இல் வகுக்கப்பட்டு, பல நாடுகளில் மருத்துவர்களுக்குக் கற்றுத்தரப்படுகிற ஆறு படி முறை ஒன்று உண்டு. அதில் மூன்றாவது படி, செய்தியைச் சொல்வதற்கு முன்னால் நோயாளியிடமே கேட்பது: பரிசோதனையில் என்ன வந்தாலும் நீங்களே விவரமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, இல்லை வீட்டில் யாரிடமாவது பேசட்டுமா? எனக்கு வேண்டாம், பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்று நோயாளி சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான், மதிக்க வேண்டியதுதான். 'தி ஃபேர்வெல்' படத்தில் இத்தனை பேர் இத்தனை விவாதம் செய்தும் இந்தக் கேள்வியை நை நையிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கணவருக்குத் தானே மறைத்த அந்தப் பாட்டி பெரும்பாலும் தங்கையைத்தான் கைகாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்போதும் இதே கல்யாணம் நடந்திருக்கும், இதே விருந்தில் எல்லோரும் இப்படியே அழுது சிரித்திருப்பார்கள். ஒரு தாளைத் திருத்துவதற்காகப் பில்லி மட்டும் அந்தத் தெருக்களில் ஓட வேண்டியிருந்திருக்காது.